பெர்க்லி நகரில் குடியேறலாமா?

கேள்வி: கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் என் மனைவிக்கு வேலை கிடைத்துள்ளது. முற்போக்கான ஊர் என்று பெயரெடுத்த அந்நகரில் குழந்தைகளுடன் வாழ்வது எப்படி இருக்கும் என்று அங்கு வசிப்பவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: 1964-இல் மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் போராடிய, பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஸ்ப்ரௌல் திடலில் இன்றும் மாணவர் அமைப்பினர் துண்டறிக்கை கொடுத்து வாதிடுவதைக் காணலாம். அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது, மாற்றுத்திறனாளிகளின் போராட்டத்தால் 1970-களிலேயே இங்கு நடைபாதை முனைகள் சரிவாக்கப்பட்டதைத்தான்; சக்கர நாற்காலியில் செல்லும் என் தாயார் துணையின்றிக் கடைக்குப் போய்வருகிறார்.

பதில் 2: வாடகையையும் எண்ணிப் பாருங்கள், ஐயா. 1980 முதல் வாடகைக் கட்டுப்பாடு இருந்தாலும், புதிதாகக் குடிவருபவர் பெரும்பாலும் சந்தை விலையையே கொடுக்க வேண்டும். எல்லாரையும் வரவேற்பதாகப் பலகை வைத்திருப்பவர்களே பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுவதை எதிர்ப்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

பதில் 3: இன வேறுபாடின்றிப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க, ஒரு பகுதிப் பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிகளுக்கு 1968-இலேயே பேருந்தில் அனுப்பிய ஊர் இது. இன்றும் அருகிலுள்ள பள்ளியில்தான் இடம் கிடைக்கும் என்ற உறுதியில்லை, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.