கணக்கு, அறிவியல் புத்தகம் தேடினதுல மறக்கவே முடியாத ஒரு அனுபவம் – எழுதுங்க

மலைக்கோட்டைக்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். இரோடோவ்னா ரஷ்யாக்காரர் ஒருத்தர் எழுதின கஷ்டமான இயற்பியல் கணக்குப் புத்தகம், இங்க பலருக்குத் தெரிஞ்சிருக்கும்.

சித்தப்பா பையன், பதினொண்ணாவது, தமிழ் மீடியம். பக்கத்து வீட்டுல ஐஐடி கோச்சிங் போற பையன் வச்சிருக்கான்னு சித்தப்பாவும் அதையே வாங்கிட்டு வந்துட்டாரு. பள்ளிக்கூடத்துல இயக்கவியல் அப்பதான் தொடங்கியிருந்தாங்க.

முதல் கணக்கு. ஆத்து ஓட்டத்தோட போற மோட்டார் படகு ஒரு தெப்பத்தைத் தாண்டுது. 60 நிமிஷம் கழிச்சுத் திரும்புது. தாண்டின இடத்துலேர்ந்து 6 கிலோமீட்டர் தள்ளி அதே தெப்பத்தை மறுபடி சந்திக்குது. ஆத்தோட வேகம் என்ன? படகுக்கு ஒரு எழுத்து, ஆத்துக்கு ஒரு எழுத்து, திரும்பி வந்த நேரத்துக்கு இன்னொண்ணுன்னு பையன் ரெண்டு பக்கம் ரொப்பிட்டான். தெரியாதது மூணு, சமன்பாடு ரெண்டு. படகோட வேகம் தானா அடிபட்டுப் போகும்னு அவனுக்குத் தெரியல.

மாடி வீட்டுல ரயில்வேயில ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், அந்தக் கால பி.எஸ்சி. நோட்டை எட்டிப் பார்த்துட்டு, "தெப்பத்துல ஏறி உக்காருடா"ன்னாரு. தெப்பத்துல இருக்கிறவனுக்கு தண்ணி நகரவே இல்ல. படகு ஒரு மணி நேரம் விலகிப் போச்சுன்னா, திரும்பி வரவும் ஒரு மணி நேரம்தான். ரெண்டு மணி நேரத்துல தெப்பம் 6 கிலோமீட்டர். மணிக்கு 3. பெரியவர் பேனாவைக்கூடத் தொடல.

பையன் அசந்துபோவான்னு நான் பார்த்தா, புத்தகத்தை மூடிட்டு, "இதெல்லாம் நமக்கு வராதுண்ணே"ன்னான். அந்தப் புத்தகம் கையில வந்த நேரம் தப்பா, இல்ல அந்தப் பெரியவரோட ஒத்தை வரிதான் அவனை அடிச்சுதான்னு இன்னும் யோசிக்கிறேன். இப்ப பி.காம். படிக்கிறான், சந்தோஷமாத்தான் இருக்கான்.

காவிரிக்கரை

சென்னை புத்தகக் கண்காட்சி, நந்தனம். ஒரு அப்பா, எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பொண்ணு. "ராமானுஜன் படிச்ச புத்தகம் இருக்கா?"ன்னு கடைக்காரர்கிட்ட கேக்குறாரு. கடைக்காரர் லோனியோட முக்கோணவியலை எடுத்துக் குடுத்தாரு. அது சரிதான், ராமானுஜன் பள்ளிக்கூட வயசுல படிச்சு முடிச்சதுதான், நம்ம நாட்டுல இன்னிக்கும் மறுபதிப்பு வருது. இவருக்கு அது போதல. "ஆயிரக்கணக்குல சூத்திரம் இருக்குமே, அது"ங்கறாரு. பொண்ணு கையில படம் போட்ட ஒரு புதிர்க் கணக்குப் புத்தகம். அதை அவ கையிலேர்ந்து வாங்கி, அடுக்குல திரும்ப வச்சாரு பாருங்க. திட்டக்கூட இல்ல. ரொம்ப மென்மையா வாங்கி வச்சாரு. அதுதான் எனக்குத் தாங்கல.

நான் கும்பகோணம், அதனால இந்த விஷயத்துல கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. அவர் தேடினது ஜி.எஸ்.கார் தொகுத்த புத்தகம். முதல் பகுதி 1880ல வந்தது. கார் லண்டன்ல தனிப்பயிற்சி வாத்தியார். கேம்பிரிட்ஜ் டிரைப்பாஸ் தேர்வுக்குப் பசங்களைத் தயார் பண்ண வச்சிருந்த குறிப்புகள்தான் புத்தகமாச்சு. ஏறக்குறைய 5000 முடிவுகள், நிரூபணம் பேருக்குத்தான். அதாவது, கைடு! 1903 வாக்குல ராமானுஜன் கையில அது கிடைச்சப்ப, விட்டுப்போன நிரூபணத்தையெல்லாம் அவரே கண்டுபிடிக்க உக்காந்தாரு. கணக்கைத் தவிர வேற எதையும் திரும்பிப் பார்க்காம கும்பகோணம் காலேஜ்ல உதவித்தொகையும் போச்சு, அப்புறம் பச்சையப்பா காலேஜ்ல எஃப்.ஏ.வும் (பட்டப்படிப்புக்கு முந்தின தேர்வு) ஃபெயில். புத்தகத்தைக் கேக்குற அப்பா இந்தப் பாதியையும் சேர்த்துக் கேட்பாரா?

பத்து மார்க்

காவிரிக்கரை, கைடுன்னா அவ்வளவு இளக்காரமா? எங்க ஊர்ல கைடு இல்லாட்டி யாரும் இன்ஜினியரிங் பக்கமே போயிருக்க மாட்டோம்.

பழைய பன்னிரண்டாவது கணக்கு ஞாபகம் இருக்குல்ல, 200 மார்க். ஒரு மார்க் நாப்பது, ஆறு மார்க் பத்து, பத்து மார்க் பத்து. புக் பேக் (பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்விகள்), கம் புக் (கேள்வித் தொகுப்பு), கைடு, அவ்வளவுதான் உலகம். எந்தப் பாடத்தை விட்டா எத்தனை மார்க் போகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இருநூறுக்கு இருநூறு வாங்கினேன்.

காலேஜ்ல முதல் செமஸ்டர், இரட்டைத் தொகையீடு. வரிசையை மாத்திப் போடணும். மேடம் என்னை போர்டுக்குக் கூப்பிட்டு, "முதல்ல பரப்பை வரை"ன்னாங்க. எல்லையை மாத்தி எழுதுறது எனக்கு வரும், வரையறதுன்னா என்னன்னே புரியல. சாக்பீஸோட நின்னேன். மேடம் கோபப்படல. "நீ சென்டம் தானே?"ன்னு மட்டும் கேட்டாங்க. கிளாஸ்ல பாதிப் பேர் குனிஞ்சுகிட்டாங்க, அவங்களும் சென்டம்தான்.

ஆனாலும் கைடை விட்டுக் குடுக்க மாட்டேன். வாத்தியாரே இல்லாத ஊர்ல அதுதான் வாத்தியார்.

போர்டு துடைப்பான்

அரசுப் பள்ளி கணித ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பு. −1லிருந்து 1 வரை, x-இன் மட்டு மதிப்பைத் தொகையிட வேண்டும். ஒரு மாணவி சூத்திரத்துக்கே போகாமல் வரைபடம் போட்டாள். இரண்டு முக்கோணம், ஒவ்வொன்றும் அரை, கூட்டினால் 1. எவ்வளவு அழகு! பாராட்டலாம் என்று நான் அவள் மேசைக்குப் போவதற்குள், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். தனியார் பதிப்பக ரெஃபரன்ஸ் புத்தகம், அண்ணனுடையது. பின்னால் விடை 0 என்று அச்சாகியிருந்தது. மட்டுக் குறியைக் கவனிக்காமல் x-ஐத் தொகையிட்டால் வரும் விடை அது.

"நீ போட்டதுதாம்மா சரி" என்றேன். "புக்ல 0ன்னு போட்டிருக்கே சார்" என்றாள். முக்கோணத்தின் பரப்பு எப்படி 0 ஆகும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. நான் சொன்னதற்காக 1 என்று மறுபடி எழுதினாள். அவள் நம்பவில்லை என்பது எழுதிய விதத்திலேயே தெரிந்தது, மெலிதாக, எப்போது வேண்டுமானாலும் அழிக்கத் தோதாக.

2019-20ல் எங்களுக்குப் புதிய பாடநூல் வந்தபோது தடிமனைப் பார்த்து எல்லோரும் அலறினார்கள். எனக்குத் தடிமன் ஒரு கவலையே இல்லை.

படிப்படியாக

என் கதை சின்னது. அண்ணா நூற்றாண்டு நூலகத்துல ஒரே பாடத்துக்கு அஞ்சாறு புத்தகம் விரிச்சு வச்சு ஒப்பிட்டுப் படிச்சிட்டிருந்தேன். எதிர்ல இருந்த பையன், "அண்ணா, இதுல எது பெஸ்ட், போட்டோ எடுத்துக்கறேன்"னான். அட்டையை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டான். உள்ள ஒரு பக்கம்கூடத் திருப்பல.

அதனால சொல்றேன். தெரியாத பாடத்தை வச்சுப் புத்தகத்தை எடை போடாதீங்க, எல்லாமே கஷ்டமாத்தான் தெரியும். நல்லாத் தெரிஞ்ச பாடத்தைத் திறங்க. இயற்பியல்னா உராய்வு. நிலை உராய்வு தேவைப்படுற அளவுக்கு மட்டும்தான் எழும், μN-ங்கறது (உராய்வுக் குணகம் × பரப்புக்குச் செங்குத்தான விசை) அதோட உச்ச வரம்புன்னு எழுதியிருக்கா? எடுத்த எடுப்புல உராய்வு = μNன்னு போட்டுட்டுக் கணக்குக்குத் தாவிட்டா, அந்தப் புத்தகத்தைக் கீழ வச்சுடுங்க. கணக்குன்னா, தொடர்ச்சியா இருந்தும் வகையிட முடியாத சார்புக்கு ஒரு உதாரணமாவது காட்டியிருக்கான்னு பாருங்க. வேதியியல்ல, வினைக்கு வெப்பநிலை, வினையூக்கி எல்லாம் போட்டிருக்கா, இல்ல வெறும் அம்புக்குறியான்னு பாருங்க.

பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைச்சா இயக்கவியலுக்குத் தாராளமா வாங்கலாம், நியூட்டன் மாறப்போறதில்ல. ஆனா அளவீடு பாடத்தை மட்டும் புதுசுல படிங்க. 2019 மே 20லேர்ந்து கிலோகிராமுக்கு அடிப்படை பிளாங்க் மாறிலி, அதாவது இயற்கையில மாறாத ஒரு எண். பழைய புத்தகம் இன்னும் பாரிஸ் பக்கத்துல இருக்கிற பிளாட்டினம்-இரிடியம் உருளையைத்தான் சொல்லிட்டிருக்கும்.

வரிசைன்னு கேட்டா, முதல்ல பள்ளிப் புத்தகம், அப்புறம் எச்.சி.வர்மா எழுதின இயற்பியல் புத்தகம். 1992லேர்ந்து நிக்குதுன்னா காரணம் இருக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னாடி கணக்குக்கு முன்னால குறுவிடைக் கேள்விகள் வச்சிருக்காரு பாருங்க, அதை எல்லாரும் தாவிடுவாங்க, புத்தகமே அதுலதான் இருக்கு. அதை முடிச்சவங்கதான் இரோடோவைத் தொடணும். காலேஜ்ல நேரியல் இயற்கணிதம்னா கில்பர்ட் ஸ்டிராங் எழுதின புத்தகம், அமெரிக்காவுல எம்ஐடியில அவர் எடுத்த வகுப்பு வீடியோ இலவசம். ஃபெயின்மனோட இயற்பியல் விரிவுரை மூணு தொகுதியும் கால்டெக்ங்கற அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளத்துல சும்மாவே படிக்கலாம், பதினொண்ணாவதுலேயே ஆரம்பிச்சுடலாம்.

உக்கடம் பழசு

யாருங்க கேட்டா இதையெல்லாம்? அனுபவம் எழுதச் சொன்னா சிலபஸ் எழுதறீங்க.

அதுலயும் பதினொண்ணாவதுக்கு ஃபெயின்மனாமா! 1961லேர்ந்து 63 வரைக்கும் கால்டெக் பசங்களுக்கு எடுத்த பாடமுங்க அது. மாணவர்களுக்கு நல்லபடியா செஞ்சேன்னு தோணலைன்னு முன்னுரையில அவரே எழுதியிருக்காரு. எங்க அக்கா பையனுக்கு மாமா ஒருத்தரு அந்த மூணு தொகுதியையும் பரிசாக் குடுத்தாருங்க. ஹால்ல கண்ணாடி அலமாரில, ஐயப்பன் படத்துக்குப் பக்கத்துல வெச்சாங்க. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "இத்தனையும் படிக்கறானா!"ன்னு கேக்க, அவன் தலையைத் தொங்கப் போட்டுட்டு ரூமுக்குள்ள போயிருவான். ஒரு நாள் கோயமுத்தூர் உக்கடத்துல பழைய புத்தகக் கடைக்கு என்னோட வந்தவன், கிழிஞ்ச அட்டையோட ஒரு பாலிடெக்னிக் எலக்ட்ரிகல் புத்தகத்தைத் தேடி எடுத்தான். சொந்தக் காசு. அதை மட்டும் அலமாரில வெக்க விடலைங்க, தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டான்.

வலிகாமம்

எங்கட பக்கம் கதை வேற. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில உயர்தரம் (பிளஸ் டூ மாதிரி) படிச்ச ஆக்களுக்கு, எந்தப் புத்தகம் நல்லது எண்ட கேள்வியே இல்லை. கிடைக்கிறதுதான் புத்தகம். பதினோராம் ஆண்டு வரைக்கும் அரசாங்கம் இலவசமாத் தரும், 1980இல துவங்கின திட்டம். உயர்தரத்துக்கு அப்பிடி இல்லை, ரியூசன் நோட்ஸும் பாஸ்ற் பேப்பரும்தான். பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, தெரியும்தானே.

மச்சாள் ஒராள் பிரயோக கணிதப் புத்தகம் ஒண்டை இரவல் வாங்கி, கொப்பியில கையால முழுக்க எழுதி வைச்சிருந்தவ. பிறகு அது எனக்கு வந்தது. கப்பிக் கணக்கு ஒண்டில, படத்தில ஒரு பக்க இழுவைக்கு அம்புக்குறி இல்லை. பக்கத்தில சிவப்புப் பேனையால, "விட்டுப்போச்சு, புத்தகத்திலயோ என்ர கையிலயோ தெரியாது, நீயே பார்" எண்டு எழுதியிருந்தா. மூலப் புத்தகம் 95 ஒக்ரோபர் இடப்பெயர்வோட போயிட்டுது, ஒப்பிட வழியில்லை. நான் விசைகளை ஒண்டொண்டா எண்ணி, அந்த அம்புக்குறியைக் கீறிச் செய்தனான், சமன்பாடு பொருந்தினது. பிறகு எத்தினையோ நல்ல புத்தகம் லண்டனில வாங்கியாச்சு. ஒண்டுகூட என்னை "நீயே பார்" எண்டு கேட்டதில்லை.

போர்டு துடைப்பான் சேர், உங்கட பிள்ளைக்கு அப்பிடி ஒரு கொப்பி கிடைச்சிருக்க வேணும்.

ரெண்டு பிள்ளை அம்மா

எனக்குக் கணக்கு தெரியாது, பயாலஜி கதை சொல்றேன். மகன் நீட்டுக்குப் படிச்ச என்சிஇஆர்டி புத்தகம் அப்படியே மகளுக்கு வந்துச்சு. நடுவுல அவங்க பாடத்தையெல்லாம் குறைச்சுட்டாங்க. கோச்சிங் சார் புத்தகத்தை வாங்கி, தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், செரித்தல்னு மூணு பாடத்துக்கும் குறுக்கால பேனாவால கோடு போட்டுக் குடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்து, "அம்மா, எங்க பேட்சுக்கு வயிறு கிடையாது"ன்னு சிரிக்கிறா.

அப்புறம் ஒரு ராத்திரி, கோடு போட்ட அந்தப் பாடத்தையேதான் படிச்சிட்டிருந்தா. "பித்தநீர்ல நொதியே இல்லையாம்மா, அப்புறம் எப்படிக் கொழுப்புக்கு உதவுது?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. அவங்க அப்பா உள்ள இருந்து, "அது வராத பாடம், மூடி வை"ன்னாரு. மூடிட்டா. யாருக்காவது பதில் தெரிஞ்சா சொல்லுங்க, அவகிட்ட நான் சொல்லணும்.

படிப்படியாக

அம்மா, பித்த உப்பு கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியா உடைக்கும். கொழுப்பைச் செரிக்கிற லைபேஸ் நொதி வேலை செய்ய அப்பதான் நிறைய இடம் கிடைக்கும். மாநிலப் பாடத்திட்ட உயிரியல் புத்தகத்தையும் ஒண்ணு வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க. (உக்கடம் பழசு, இதை அவங்களே கேட்டாங்க!)

சூட்கேஸ் 23 கிலோ

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்தப்ப, துணியைக் குறைச்சு இந்தியப் பதிப்புப் புத்தகமாத் திணிச்சுட்டு வந்தவன் நான். அட்டையில "இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு"ன்னு போட்டிருக்குமே, அது. இங்க அதே புத்தகத்துக்குக் கேக்குற விலையில ஊர்ல ஒரு அலமாரியே ரொப்பலாம். இப்படித் தாய்லாந்துலேர்ந்து சொந்தக்காரங்க மூலமா வரவழைச்சு இங்க வித்த ஒரு மாணவர் மேல பதிப்பகம் வழக்கே போட்டுது. 2013ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பு சொன்னது, 6-3.

வழக்குல யாரும் சொல்லாத ஒரு விஷயம், சில புத்தகத்துல பாடம் அதேதான், பயிற்சிக் கணக்கோட எண் மட்டும் வேற. முதல் ஹோம்வொர்க், மூணாவது அத்தியாயம், பன்னிரண்டாவது கணக்கு. ராத்திரி பூரா உக்காந்து, ஊர் மானத்தைக் காப்பாத்துற மாதிரி அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிக் குடுத்தேன். திரும்பி வந்த தாள்ல பேராசிரியர், "அருமையான தீர்வு. ஆனா நான் குடுத்த கணக்கு இது இல்ல"ன்னு எழுதி, பாதி மார்க் போட்டிருந்தாரு. எதுக்கு அந்தப் பாதின்னு கடைசி வரைக்கும் அவர்கிட்ட நான் கேக்கல.