அவித்த நண்டுச் சதையில் கிருமி இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மடத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடம். எங்கள் சுய உதவிக் குழுவில் சிலர் சேர்ந்து, அவித்த நண்டைச் சதை எடுத்து ராமேஸ்வரம் ஹோட்டல்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். பாதிப் பேர் முன்பு நண்டு கம்பெனியில் உடைக்கிற வேலை பார்த்தவர்கள். கை வேகம் உண்டு, ஓட்டுத் துண்டு இல்லாமல் எடுக்கவும் தெரியும்.

பயம் எங்கே வந்தது என்றால், பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து விருந்தில் நண்டுப் புட்டு வைத்தார்கள். மதியம் ஒரு மணிப் பந்தியில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு நாலு மணிக்குள் வாந்தி. சிலருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தது. காய்ச்சல் யாருக்கும் இல்லை. மறுநாள் எல்லோரும் எழுந்து நடமாடிவிட்டார்கள். புட்டைத் தொடாதவர்களுக்கு ஒன்றுமே இல்லை. சதையை முந்தின நாள் மத்தியானமே வீடுகளில் உடைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் எண்ணெயில் நன்றாக வதக்கித்தான் செய்தோம், கெட்ட வாடையும் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். மீனில் ஃபார்மலின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதம் வைத்துத் தேய்க்கிறார்களே, அது மாதிரி கிருமிக்கும் ஏதாவது உண்டா? நன்றாக வதக்கிய பிறகும் எப்படி இப்படி ஆகும்? உப்புத் தண்ணீரில் அலசி எடுத்தால் போதுமா? ஒருவர் காற்றை உறிஞ்சி பாக்கெட் போடும் மெஷின் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், அதில் போட்டால் ஒரு வாரம் தாங்குமாம். வாங்கலாமா?

கீழக்கரை வாசி எழுதியது:

சிலருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது சகோதரி. என் மச்சானுக்கு நண்டு ரசம் குடித்தாலே உடம்பெல்லாம் தடிக்கும். அலர்ஜியாக இருக்கும்.

பழைய லேப்காரன் எழுதியது:

அலர்ஜி ஒருவருக்கோ இரண்டு பேருக்கோ வரும் தம்பி. ஒரே பந்தியில் பாதிப் பேருக்கு வராது. தடிப்பு, அரிப்பு என்று அந்தத் தங்கச்சி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே.

நான் மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியின் லேபில் ஓய்வு பெறும்வரை இருந்தவன். சோதித்துப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் கடிகாரமே பாதி சொல்லிவிடும். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரே நாளில் சரியாகிவிட்டது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை, சுருக்கமாக ஸ்டெஃப். கடலில் வரும் விப்ரியோ என்ற கிருமியாக இருந்தால் பெரும்பாலும் அன்று ராத்திரிக்கு மேல் அல்லது மறுநாள்தான் ஆரம்பிக்கும். வயிற்றுவலியும் தண்ணீராகப் போவதும்தான் முதலில் நிற்கும், காய்ச்சலும் சேரலாம். சூரை, கானாங்கெளுத்தி வெயிலில் கிடந்து ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் ஏறியிருந்தால் முகம் சிவந்து தலை வலிக்கும், அதுவும் இலையில் இருந்து எழுவதற்குள்ளேயே தொடங்கிவிடலாம்.

ஸ்டெஃப் நண்டோடு கடலில் இருந்து வருவதில்லை, நம்மிடமிருந்துதான் போகிறது. நாலைந்து பேரில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். கையில் புண், நகச்சுத்தி, சீழ்க்கட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். நண்டு உடைக்கிறவர்கள் விரலைப் பார்த்திருப்பீர்கள், ஓட்டு முள் குத்தாத விரல் ஒன்று இருக்காது. பச்சை நண்டில் மற்ற கிருமிகளோடு போட்டி போட்டு இது ஜெயிக்காது. அவித்துவிட்டால் அவையெல்லாம் செத்து, களை பறித்த வயல் மாதிரி இதற்கு இடம் கிடைக்கிறது. அதனால்தான் பச்சை நண்டைவிட அவித்த சதைக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

வதக்கிய பிறகும் எப்படி என்று கேட்டீர்கள். வதக்கும்போது கிருமி செத்திருக்கும். ஆனால் முந்தின நாள் மத்தியானத்தில் இருந்து நம் ஊர் வெக்கையில் டப்பாவில் கிடந்தபோது அது சதைக்குள் விட்டுவிட்டுப் போன நஞ்சு சாகாது. அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் தாங்கி நிற்கும் நஞ்சு அது. பொதுவாக ஒரு கிராம் சதையில் லட்சத்துக்கு மேல் பெருகினால்தான் ஆளைப் படுக்க வைக்கும் அளவுக்கு நஞ்சு சேரும். அப்போதும் வாடை வராது, நிறம் மாறாது. அவர்கள் சத்தியம் பண்ணுவது உண்மையாகவே இருக்கலாம்.

காகிதம் பற்றி: அந்த ஃபார்மலின் காகிதம் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு வேதிப்பொருளைக் கண்டால் நிறம் மாறும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உயிருள்ள கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்டெஃபுக்கு பேர்ட் பார்க்கர் என்று கிருமி வளர்க்கும் ஒரு ஊடகம், முட்டை மஞ்சள் கருவும் டெல்லூரைட் என்ற உப்பும் சேர்ந்தது. சதையை உப்புக் கரைசலில் கலக்கி அந்தத் தட்டில் தடவி 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். பளபளவென்று கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் என்றால் இவன்தான் என்று எடுத்துவைப்போம். பிறகு முயல் ரத்தத்தின் பிளாஸ்மாவில் கலந்து வைத்து, உறைகிறதா என்று பார்த்து உறுதி செய்வோம். விப்ரியோ என்றால் 25 கிராம் சதையை உப்பு சேர்த்த காரப் பெப்டோன் நீரில் ஒரு ராத்திரி வளர்த்து டி.சி.பி.எஸ். என்ற இன்னொரு ஊடகத் தட்டில் இழுப்போம், பாராஹீமோலிட்டிகஸ் என்ற விப்ரியோ வகை பச்சையாக வரும், காலரா வகை மஞ்சளாக வரும். சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமிக்கு நாலைந்து நாள் ஆகும். நீங்கள் காலையில் கொடுக்கும் சதை ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். தட்டில் புள்ளி தெரியும்போது சாப்பிட்டவர் வாந்தி எடுத்து எழுந்துவிட்டிருப்பார்! ஏற்றுமதிக் கம்பெனி முடிவு வரும்வரை டப்பாவைக் குளிரறையில் நிறுத்தி வைக்கும். உங்களுக்கு அது முடியாது. அதனால் உங்களுக்கு வேண்டியது லேப் இல்லை, கம்பி குத்திப் பார்க்கும் ஒரு நல்ல தெர்மாமீட்டரும் சுவரில் ஒரு கடிகாரமும்.

நண்டு அவிந்ததா என்று ஓட்டின் சிவப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓடு சீக்கிரமே சிவந்துவிடும், உள்ளே வேகாமல் இருக்கும். பானையில் இருப்பதிலேயே பெரிய நண்டை எடுத்து நடுவில் கம்பி குத்திப் பாருங்கள். அவித்ததைப் பச்சை நண்டு வந்த க்ரேட்டில் திரும்பக் கொட்டவே கூடாது. நான் பார்த்தவரை விப்ரியோ தொல்லை எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கிறது. ஆற வைப்பதற்கும் கணக்கு உண்டு: 60 டிகிரியில் இருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 4க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள். குவித்து வைத்தால் நடுவில் சூடு அடங்காது, பரப்பி வையுங்கள். உடைக்கும்போது சிறிது சிறிதாக எடுத்து உடையுங்கள், எடுத்த சதை உடனே ஐஸுக்குப் போகட்டும். முழுக் கூடையும் தீர்ந்த பிறகு மொத்தமாக வைக்கலாம் என்று இருப்பதில்தான் கேடு.

கையில் புண் இருப்பவர் அன்றைக்குச் சதையைத் தொடக் கூடாது. அவருக்கு அன்று கூலியைக் குறைத்தீர்கள் என்றால் அடுத்த முறை புண்ணை மறைத்துக்கொண்டு உட்காருவார். பெரிய கம்பெனிகளே இதைப் புரிந்துகொள்ளாமல் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்திப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்தால் அதுவும் கைதான். கணக்கு எழுதவும் ஐஸ் உடைக்கவும் ஆள் வேண்டுமே, அந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

உப்பை நம்பாதீர்கள். ஸ்டெஃப் பத்து சதவீத உப்பிலும் வளரும். பாராஹீமோலிட்டிகஸ் விப்ரியோவுக்கு உப்பு இல்லாவிட்டால்தான் பிழைப்பே இல்லை. அவித்த நண்டைக் கடல்தண்ணீரில் முக்கி ஆற வைப்பது அதைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம். 1950இல் ஜப்பானில் ஒசாகாவில் 272 பேர் நோய்ப்பட்டு 20 பேர் இறந்ததில்தான் இந்த விப்ரியோவையே முதன்முதலில் ஃபுஜினோ என்பவர் பிரித்தெடுத்தார். அவர்கள் சாப்பிட்டது என்ன தெரியுமா, அவித்து அரைகுறையாகக் காயவைத்த பொடி மத்தி.

அந்த மெஷினை வாங்காதீர்கள். காற்று இல்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று ஒரு நச்சுக் கிருமி இருக்கிறது, அதன் விதைகள் கடலடிச் சேற்றிலும் உண்டு, கொதியிலும் சாகாமல் தப்பும். கம்பெனி டப்பாச் சதையை மூடிய பிறகு வெந்நீர்த் தொட்டியில் பாஸ்ச்சரைஸ் செய்கிறார்கள், அதையே 3 டிகிரிக்குக் கீழே வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஹோட்டல் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சாதாரண மூடி போட்ட டப்பா, நிறைய ஐஸ், அன்றைக்கு எடுத்தது அன்றைக்கு. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பாம்பன் வல்லம் எழுதியது:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. கடல் பக்கம் இருந்து ஒன்று சேர்க்கிறேன். நண்டு வலையை இழுத்துக் கரைக்கு வரும்போது உயிரோடு இருப்பதையும் செத்ததையும் ஒரே சாக்கில் போட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு அக்கா. கரையிலேயே கொட்டிப் பாருங்கள். கால் அசையாததை விலை குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அப்புறம், ஐஸ். பார் ஐஸைத் தரையில் போட்டு உடைத்து அள்ளுகிறார்கள். எந்தத் தரை என்று கொஞ்சம் பாருங்கள்! நல்ல தண்ணீரில் செய்த ஐஸா என்று ஐஸ் பிளாண்டில் கேளுங்கள், சொல்வார்கள். மீன் பெட்டியில் கிடந்த ஐஸை மிச்சம் பிடித்துச் சதைக்குப் போடாதீர்கள்.

மடத்துக்காரி எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா, தம்பிக்கும் நன்றி. மெஷின்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டே சந்தேகம். உடைக்கிற மேசையை பிளீச்சிங் பவுடரில் கழுவலாம் என்று குழுவில் சொல்கிறார்கள், எவ்வளவு போடுவது? ஹோட்டல்காரர் ஒருவர் ஒரு தடவையாவது லேப் ரிப்போர்ட் காட்டு என்கிறார். அதற்கு எங்கே போவது?

பழைய லேப்காரன் எழுதியது:

பிளீச்சிங் பவுடர் புதியது என்றால் அதில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குளோரின் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஏழு கிராம் போட்டால் 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு குளோரின் வரும், மேசைக்கும் தட்டுக்கும் அது போதும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இதை ஊற்ற வேண்டும். சதைத் துணுக்கு ஒட்டியிருந்தால் குளோரின் எல்லாம் அதிலேயே செலவாகிவிடும். வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த மூட்டை என்றால் சுண்ணாம்புதான் மிச்சம் இருக்கும். சதையின் மேல் ஊற்றிவிடாதீர்கள், அதையும் செய்தவர்கள் உண்டு.

ரிப்போர்ட்டுக்கு மதுரையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற தனியார் லேப்களும் உண்டு. போவதற்கு முன் கிருமிப் பரிசோதனை எடுத்துக்கொள்வார்களா என்று போனில் கேட்டுவிடுங்கள். கலப்படம் மட்டும் பார்க்கிற இடங்களும் இருக்கின்றன. ஸ்டெஃப், சால்மொனெல்லா, விப்ரியோ மூன்றையும் எழுதிக் கொடுங்கள். சதையைச் சுத்தமான புதுப் பையில் போட்டு ஐஸில் கொண்டுபோங்கள், ஃப்ரீஸரில் உறைய வைக்க வேண்டாம். உறைந்தால் விப்ரியோ பாதி செத்து, இல்லாத நல்ல பெயர் உங்களுக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் நிற்காதீர்கள், சனி ஞாயிறு தட்டைப் பார்க்க ஆள் இருக்காது. திங்கள் காலையில் கொடுங்கள்.