பென் டிரைவ் செருகிய நேரம் பிற்பகல் 1:12-ஆ, மாலை 6:42-ஆ?

கோட்டையூர் தறி:
வணக்கம். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் விண்டோஸ் 10 கணினி. டிசைன் கோப்புகளும் விலைப்பட்டியலும் பென் டிரைவில் வெளியே போய்விட்டதாகச் சந்தேகம். தடயவியல் இப்போதுதான் படிக்கிறேன். எஃப்டிகே இமேஜர் மென்பொருளில் ஈ01 இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுத்தாச்சு, ஹாஷ் (தரவின் கைரேகை போன்ற எண்) பொருந்துகிறது. சாதனங்கள் நிறுவப்படுவதை விண்டோஸ் எழுதி வைக்கும் செட்டப்ஏபிஐ டெவ் லாகில் பென் டிரைவை முதலில் செருகிய நேரம் 18:42 என்று இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு) ரெஜிஸ்ட்ரி எக்ஸ்புளோரரில் திறந்தால், யூஎஸ்பி டிரைவ் விவரங்கள் இருக்கும் யூஎஸ்பிஸ்டாருக்குள் முதல் செருகல் நேரமான 0064 மதிப்பு 13:12 என்கிறது. முதலாளி சந்தேகப்படும் பையன் அன்று 2 மணிக்கே கிளம்பிவிட்டான். எதை நம்புவது?

தேவகோட்டை ரஸ்தா:
இரண்டும் ஒரே நேரம்தான் தம்பி. ரெஜிஸ்ட்ரியில் இருப்பது யூடிசி (உலகப் பொது நேரம்), லாக் கோப்பில் எழுதுவது கணினியின் உள்ளூர் நேரம். 13:12-உடன் 5:30 கூட்டினால் 18:42. நீங்கள் 13:12-ஐ அப்படியே அறிக்கையில் எழுதியிருந்தால் அந்தப் பையன் தலையில் விடிந்திருக்கும்.

ஆனால் கணினிக் கடிகாரமே சரியா என்று முதலில் பாருங்கள். சிஸ்டம் ஹைவில் (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி இருக்கும் கோப்பு) டைம்ஸோன் இன்ஃபர்மேஷன் கீ இந்திய நேரத்தில் இருக்கிறதா? செக்யூரிட்டி லாகில் 4616 என்ற நிகழ்வு எண் இருந்தால் யாரோ, அல்லது விண்டோஸே, நேரத்தை மாற்றியிருக்கிறது. மதர்போர்டு பேட்டரி செத்த பழைய கணினி, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் பழைய தேதியில் எழுந்திருக்கும்.

இன்னொன்று: ஹைவை இமேஜிலிருந்து வெளியே எடுக்கும்போது லாக்1, லாக்2 கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். கடைசியாக நடந்த மாற்றங்கள் சில சமயம் அவற்றில்தான் நிற்கும். ஹைவை மட்டும் திறந்தால் தெரியாது. 0064 முதல் முறை, 0066 கடைசியாகச் செருகியது, 0067 கடைசியாகக் கழற்றியது.

கோட்டையூர் தறி:
நன்றி அண்ணே. அப்படியென்றால் 18:42-க்குக் கோப்புகளை நகலெடுத்தார்கள் என்று எழுதலாமா?

தேவகோட்டை ரஸ்தா:
கூடாது. செருகினார்கள் என்பது மட்டும்தான் தெரியும். நகலெடுத்ததை விண்டோஸ் தானாக எங்கேயும் குறித்து வைப்பதில்லை. பென் டிரைவிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் ரீசென்ட் ஃபோல்டரில் எல்என்கே (ஷார்ட்கட்) கோப்பு இருக்கும், அதில் வால்யூம் சீரியல் எண் இருக்கும். இது யூஎஸ்பிஸ்டாரில் வரும் சாதன சீரியல் இல்லை; புதிதாகப் படிப்பவர்கள் பலர் குழம்பும் இடம். ஃபார்மட் செய்தால் வால்யூம் எண் மாறும், சாதன எண் மாறாது. இரண்டையும் முடிச்சுப் போட பார்ட்டிஷன் டயக்னாஸ்டிக் நிகழ்வுப் பதிவில் 1006 எண் நிகழ்வைப் பாருங்கள். அதில் சாதன சீரியலும், வால்யூம் எண்ணை உள்ளே வைத்திருக்கும் பூட் ரெக்கார்டும் சேர்ந்தே இருக்கும்.

கானாடுகாத்தான் சர்வர்:
பென் டிரைவே கையில் கிடைத்ததா? கிடைத்தால் நேராகச் செருகாதீர்கள். ரைட் பிளாக்கர் (டிரைவில் எதுவும் எழுதவிடாமல் தடுக்கும் கருவி) இல்லையென்றால் தடயவியலுக்கான கெய்ன் லினக்ஸில் பூட் செய்து இமேஜ் எடுங்கள், அது டிரைவ்களை எழுத விடாமல் பூட்டியே வைத்திருக்கும். பென் டிரைவில் உள்ள கோப்பின் உருவாக்க நேரம் 18:50, மாற்ற நேரம் மூன்று மாதம் முன்பு என்று இருந்தால் அது நகலெடுத்ததன் அடையாளம். பென் டிரைவின் ஃபார்மட் ஃபேட்32 என்றால் இங்கே நேரம் உள்ளூர் நேரம். மறுபடி 5:30 கூட்டிவிடாதீர்கள்.

கோட்டையூர் தறி:
டிரைவ் கிடைத்தது. முதலாளி ஏற்கெனவே தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிட்டார். கடையில் எல்லோரும் ஒரே அட்மின் கணக்கில்தான் வேலை செய்கிறார்கள்.

கானாடுகாத்தான் சர்வர்:
செருகிய தேதி, நேரம், லேப்டாப் விவரம் எல்லாவற்றையும் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். மறைத்தால்தான் வினை. இனி எடுக்கும் இமேஜுக்கு எஸ்எச்ஏ256 ஹாஷ் குறித்துக்கொள்ளுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4)-இன்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழில் அதைக் கேட்பார்கள்.

ஒரே கணக்கு என்றால் செக்யூரிட்டி லாகில் உள்நுழைவைக் குறிக்கும் 4624 நிகழ்வில் வகை 2 (நேரடி உள்நுழைவு), வகை 7 (பூட்டுத் திறப்பு) பார்த்து எப்போது உள்ளே நுழைந்தார்கள், எப்போது பூட்டைத் திறந்தார்கள் என்று சொல்லலாம், யார் என்று சொல்ல முடியாது. அதைக் கேமராவில்தான் தேட வேண்டும். டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) திரையையும் செல்போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள், டிவிஆர் நேரம் எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பழைய பதிவு மேலே புதியது ஏறுவதற்குள் 18:30 முதல் 19:15 வரை வெளியே எடுத்துவிடுங்கள்.