கேமே ஆடாத கணவருக்கு முதல் கேமாக ப்ளட்போர்ன் கொடுக்கலாமா?

மழைக்குருவி

என் கணவருக்குப் பாழடைந்த கோட்டை, கூர்ந்து உயர்ந்த கோபுரம், ஆளில்லாத மாளிகை என்றால் உயிர். பென்சிலில் வரைவதெல்லாம் அவைதான். ஆனால் இதுவரை ஒரு கேம்கூட ஆடியதில்லை. யார்னம் என்ற இருண்ட நகரத்தில் மிருகங்களை வேட்டையாடும் கடினமான கேமான ப்ளட்போர்னை நான் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் நில்லு, அந்தச் சிலையைப் பார்க்கணும்" என்பார். அந்த நகரத்தில் எந்தத் தெருவில் எந்தச் சவப்பெட்டி கிடக்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் அவராகவே "நானும் ஆடிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவசரத்தில், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கி கேமையே கையில் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடம் வானத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார், சுவரில் முட்டிக்கொண்டு நின்றார், கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு "இது எனக்கு வராது" என்றார்.

ப்ளட்போர்னை நான் மூன்று முறை முடித்திருக்கிறேன், பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க முடியும். அதையே கொடுக்கலாமா, இல்லை பாழ்கோட்டையும் திகிலுமான வேறு ஏதாவது கோதிக் கேமில் தொடங்கலாமா? இன்னொரு முறை "வராது" என்று சொல்லிவிட்டால் அப்புறம் தொடவே மாட்டார் என்று பயமாக இருக்கிறது. எங்களிடம் பிளேஸ்டேஷனும் ஒரு டேப்லெட்டும் இருக்கின்றன.

இரவாடி

ப்ளட்போர்னையே கொடுங்கள்.

என் முதல் கேமே அதுதான். அதற்கு முன் நான் கன்ட்ரோலரைத் தொட்டதுகூட இல்லை. 2015-இல் அது வந்த புதிதில் நண்பர் வீட்டில் பார்த்து, அந்த நகரத்துக்காகவே கற்றுக்கொண்டேன். முதல் விளக்கிலிருந்து (செத்தால் திரும்ப எழும் இடம்) பெரிய எதிரியான காஸ்காய்ன் பாதிரியாரை வீழ்த்தும் வரை இரண்டு வாரம் ஆனது. கேமும் புதியவரை ஒரு விதத்தில் தயார்செய்தே உள்ளே விடுகிறது. ஆரம்பத்தில் மருத்துவமனையில் வெறுங்கையோடு ஓநாய் மிருகத்தின் முன் நிற்கிறோம். பெரும்பாலானவர்கள் அங்கேயே செத்து, கனவில் கண் விழிக்கிறார்கள். அதன் பிறகுதான் ஆயுதமே கைக்கு வருகிறது. இங்கே சாவு ஒரு வாசல் என்பதை அது முதல் ஐந்து நிமிடத்திலேயே காட்டிவிடுகிறது.

உங்கள் கணவர் ஆசைப்பட்டது அந்த நகரத்தின் மேல். ஆற்றைப் பார்த்து ஆசைப்பட்டவரை வாளித் தண்ணீரில் உட்கார வைக்காதீர்கள்.

பழையவிளக்கு

இரவாடி, உங்களுக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து இன்னொருவருக்கு வழி சொல்லாதீர்கள். நான் 41 வயதில் முதன்முதலாகக் கன்ட்ரோலர் பிடித்தவள். மழைக்குருவி சொன்ன அந்தப் பத்து நிமிடத்தை நான் அப்படியே அனுபவித்திருக்கிறேன்.

மழைக்குருவி, அவர் வானத்தையும் தரையையும் பார்த்ததற்குக் காரணம் கன்ட்ரோலரில் உள்ள இரண்டு ஸ்டிக். இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் பார்க்க. சின்ன வயதிலிருந்து ஆடியவர்களுக்கு இது யோசிக்காமலே வந்துவிடும். எங்களுக்கு நடந்தால் பார்வை மறந்துபோகும், பார்த்தால் கால் நின்றுவிடும். இது வராமல் பெரும்பாலான முப்பரிமாண கேம்களைக் கன்ட்ரோலரில் ஆட முடியாது. ஒரே நாளில் வருகிற காரியமும் இல்லை.

ப்ளட்போர்ன் இதற்கு மேல் என்னவெல்லாம் கேட்கிறது என்று பாருங்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்க வழியில்லை. மெனுவைத் திறந்து எந்தப் பொத்தான் எதற்கு என்று தேடும்போதும் எதிரி வந்து வெட்டுவான். செத்தால் சேர்த்த இரத்த எதிரொலி (லெவல் ஏற்ற உதவும் புள்ளிகள்) எல்லாம் செத்த இடத்தில் கிடக்கும். அதை எடுப்பதற்குள் மறுபடி செத்தால் அத்தனையும் போச்சு. லெவல் ஏற்றி உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் குறைந்தது ஒரு இன்சைட் (அறிவுப் புள்ளி) வேண்டும். அதுவரை லெவல் ஏற்றித்தரும் பொம்மைப் பெண் அசையவே மாட்டாள். அதாவது முதல் பாஸை (பெரிய எதிரியை) போய்ப் பார்க்கும் வரை புதியவர் பலமில்லாமலே சுற்ற வேண்டும், வழியில் அறிவுப் பொருள் ஏதாவது கிடைத்தால் தவிர.

என் யோசனை: டேப்லெட் இருக்கிறதே, 'தி ரூம்: ஓல்ட் சின்ஸ்' போட்டுக்கொடுங்கள். 2018-இல் வந்தது. ஒரு பொறியாளரும் அவர் மனைவியும் காணாமல் போயிருக்கிறார்கள். அவர்களுடைய மாளிகையின் பரண்மேல் ஒரு பொம்மை வீடு இருக்கும். அதன் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு கண்ணாடி வில்லை வழியாக நுழைந்து பூட்டு, இழுப்பறை, பல்சக்கரம் என்று திறந்துகொண்டே போக வேண்டும். விரல் ஒன்று போதும். யாரும் துரத்த மாட்டார்கள், நேரக் கெடு இல்லை, மாட்டிக்கொண்டால் கேமே குறிப்பு கொடுக்கும். கட்டடம் வரைகிற மனிதர் அந்த மர வேலைப்பாடுகளை விட்டு எழுந்து வரமாட்டார்.

அதற்குப் பிறகு கன்ட்ரோலரில் 'லிம்போ'. 2010-இல் வந்தது, முழுக்கக் கறுப்பு வெள்ளை. தங்கையைத் தேடிக் காட்டுக்குள் போகும் ஒரு பையன். ஒரு ஸ்டிக், தாவ ஒரு பொத்தான், பிடித்து இழுக்க ஒரு பொத்தான். அவ்வளவுதான். அதிலும் அடிக்கடி சாவு உண்டு, சாகும் காட்சிகள் கொடூரமாகவே இருக்கும். ஆனால் செத்த இடத்துக்குச் சில அடி முன்னாலேயே எழுந்துவிடலாம். சிலந்திப் பயம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஆரம்பத்திலேயே ஒரு ராட்சதச் சிலந்தி வரும்.

வௌவால்

வேம்பயர் சர்வைவர்ஸ். நகர்வது மட்டும்தான் நம் வேலை, ஆயுதம் தானாகவே வீசும். அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். ஒரே திரையில் நீங்களும் சேர்ந்து ஆடலாம். கல்லறை, வௌவால், எலும்புக்கூடு எல்லாம் உண்டு.

கல்தச்சன்

வௌவால், எனக்கும் பிடித்த கேம்தான். ஆனால் அவருக்கு அது பொருந்தாது. பத்தாவது நிமிடத்தில் திரை முழுக்க வாணவேடிக்கை. அவர் நின்று பார்க்க ஒரு தூண்கூட இருக்காது.

இரவாடி, பழையவிளக்கு இருவரின் வாதத்தையும் படித்தேன். ஒன்று கேட்கிறேன்: அவருக்குப் பிடித்தது பயமா, பழைய வீடா? கோதிக் என்றால் இரத்தமும் மிருகமும் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அதன் மையம், இறந்தவர்கள் விட்டுப்போன வீடும் அதில் இன்னும் குடியிருக்கும் அவர்களின் கதையும். அப்படிப் பார்த்தால் 2017-இல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்'தான் என் முதல் தேர்வு. ஒரு குடும்பம், ஒவ்வொருவராக இறந்துபோன கதை, பூட்டி மூடிய அறைகள், மேலே மேலே கட்டிக்கொண்டே போன விசித்திரமான வீடு. தோற்பதற்கே வழியில்லை, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் குழந்தைகளின் மரணம் வருகிறது. வீட்டில் அப்படி ஓர் இழப்பு இருந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இரவாடி

பழையவிளக்கு சொன்ன இன்சைட் விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். அது புதியவருக்குச் சுமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அடிப்படையில் உடன்பட முடியவில்லை. கல்தச்சன், ஆபத்தே இல்லாத பாழ்வீடு ஓர் அருங்காட்சியகம். அடுத்த மூலையில் என்ன நிற்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதுதான் அந்தக் கட்டடம் நமக்குள் இறங்குகிறது. யார்னத்தின் ஒவ்வொரு படிக்கட்டும் எனக்கு ஏன் மனப்பாடம்? அதில் உயிருக்குப் பயந்து ஏறியதால்தான். அந்த அனுபவத்தை ஒரு மனிதருக்கு "நீங்கள் புதியவர், உங்களுக்கு வேண்டாம்" என்று மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வளர்ந்த ஆள். தானே கேட்டு வந்தவர்.

பழையவிளக்கு

யாரும் மறைக்கச் சொல்லவில்லை. படியேறும் பயம் வேண்டும் என்றால் முதலில் படியேறத் தெரிய வேண்டும். கட்டைவிரல் தடுமாறும்போது எழுவது பயமில்லை, வெட்கம். பக்கத்தில் துணை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வெட்கம் இரண்டு மடங்கு. நீங்கள் தனியாகக் கற்றீர்கள், இரவாடி. அவர் மனைவியின் முன்னால் கற்கப்போகிறார்.

மழைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. கல்தச்சன் கேட்டதை அவரிடமே கேட்டேன். "பயம் வேணும், ஆனா ஓடச் சொல்லாதே" என்றார். சிலந்திப் பிரச்சினை இல்லை. வீட்டில் குழந்தை இழப்பும் இல்லை, அதைக் கேட்டதற்குத் தனியாக நன்றி.

கேம்களின் படங்களைப் பார்த்து அவர் இரண்டைக் காட்டினார்: ஹாலோ நைட், காசில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட். இரண்டும் பக்கவாட்டுக் கேம்கள், ஒரு ஸ்டிக் போதுமே?

பழையவிளக்கு

 சரி, ஸ்டிக் ஒன்றுதான், ஆனால் ஹாலோ நைட்டை இப்போது வேண்டாம் என்பேன். 2017-இல் மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்த அற்புதம் அது, அதில் வரும் கண்ணீர் நகரத்தில் ஓயாமல் பெய்யும் மழையை இன்றும் நான் நின்று பார்ப்பேன். சிக்கல் வரைபடத்தில். புதுப் பகுதிக்குள் போனால் வரைபடமே இருக்காது. கீழே சிதறிய காகிதங்களையும் யாரோ முணுமுணுக்கும் பாட்டையும் வைத்து, வரைபடம் விற்கும் கார்னிஃபரைக் கண்டுபிடித்து வாங்க வேண்டும். வாங்கினாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்ட, அவன் மனைவியின் கடையில் திசைகாட்டித் தாயத்து வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். பலர் விலகுவது அங்கேதான்.

இரவாடி

அவர் வரைபவர் ஆயிற்றே! ஒரு நோட்டைக் கொடுங்கள், அந்த கேமின் உலகமான ஹாலோநெஸ்ட்டைத் தானே வரைந்துகொள்வார். வழி தொலைவது அவருக்கு இடைஞ்சலாக இல்லாமல் விருந்தாகவும் ஆகலாம்.

பழையவிளக்கு

இது நல்ல யோசனை. நான் இப்படி நினைக்கவில்லை. வழியைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். பாஸ்கள் கடினம் என்பது மட்டும் அப்படியே நிற்கிறது.

கல்தச்சன்

அதனால்தான் சிம்பொனி ஆஃப் தி நைட்டை முன்னால் வைப்பேன். 1997-இல் வந்தது, பிளேஸ்டேஷன் 4-லும் கிடைக்கிறது. எதிரிகளைக் கொல்லக் கொல்ல லெவல் ஏறும். ஓரிடத்தில் முடியவில்லை என்றால் பழைய அறைகளில் கொஞ்ச நேரம் சுற்றிப் பலமாகித் திரும்பலாம். கையின் தடுமாற்றத்தைப் பொறுமையால் ஈடுகட்ட முடிகிற கேம் அது. மிச்சிரு யமானேயின் இசைக்காகவே ஒரு கோட்டையில் வாழலாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே மரண தேவதை வந்து நாயகன் அலுகார்டின் நல்ல ஆயுதங்களை எல்லாம் பிடுங்கிக்கொள்வான். அது அவர் தவறு இல்லை. அப்புறம், ரிக்டர் என்ற வேட்டைக்காரனுடன் மோதும்போது ஒரு குறிப்பிட்ட மூக்குக்கண்ணாடியைப் போட்டிருக்காவிட்டால் கதை பாதியிலேயே முடிந்துவிடும். மறுபாதியான தலைகீழ்க் கோட்டை முழுவதும் கண்ணில் படாமலே போகும். இதைத் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது ஸ்டிக்கைப் பழக 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வரும் ஒரு கப்பல், அறுபது பேரின் கதி, ஒரு மாயக் கடிகாரம். பிணத்தின் அருகே அதைத் திறந்தால் அந்த மனிதர் இறந்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். யாரும் துரத்தமாட்டார்கள், ஆனால் முதுகுத் தண்டு சில்லிடும். ஒருவர் கன்ட்ரோலரும் இன்னொருவர் யோசனையுமாக இருவர் சேர்ந்து ஆட இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

இரவாடி

அந்தப் பழக்கம் வந்தபின் ப்ளட்போர்ன் அளவுக்கு ஒன்று வேண்டுமென்றால் லைஸ் ஆஃப் பி. 2025-இல் வந்த அப்டேட்டில் கடினத்தைக் குறைக்கும் வசதி சேர்த்திருக்கிறார்கள். ப்ளட்போர்னில் அது கிடையாது. நான் என் நிலையிலிருந்து இறங்கிவரவில்லை, ஆனால் வழி கொஞ்சம் நீளலாம் என்று ஏற்கிறேன்.

பழையவிளக்கு

இன்னொன்று, மழைக்குருவி. எந்த கேமாக இருந்தாலும், அவர் தடுமாறும்போது "இங்கே கொடு, நான் தாண்டித் தர்றேன்" என்று கன்ட்ரோலரை வாங்காதீர்கள். என் வீட்டில் அது நடந்தது. அன்பாகத்தான் செய்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு நான் ஆறு மாதம் ஆடவில்லை. அவர் கேட்டால் மட்டும் உதவுங்கள்.

மழைக்குருவி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஓல்ட் சின்ஸை ஐந்து இரவுகளில் முடித்தார். ஒரு முறைகூட என்னிடம் விடை கேட்கவில்லை. பிறகு ஓப்ரா டின். முதல் நாள் படியிலேயே முட்டிக்கொண்டு நின்றார். நான் கையைத் தொடையின் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காவது நாள், பாய்மரக் கயிற்றை அண்ணாந்து பார்த்தபடியே மேல்தளத்தில் நடந்து போனார். இரண்டு கட்டைவிரலும் ஒன்றாக அசைந்தன. அவருக்கே தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று நான் சேமித்துவைத்திருந்த ப்ளட்போர்ன் ஆட்டத்தைத் திறக்கச் சொன்னார். யார்னத்தின் தேவாலயப் பகுதியான கதீட்ரல் வார்டில் தெரு தெருவாக எதிரிகளை எல்லாம் முடித்தேன். விளக்கு வழியாகக் கனவுக்குப் போய்த் திரும்பாதவரை, சாகாதவரை அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். அதன்பின் கன்ட்ரோலரை அவரிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அந்தக் காலித் தெருக்களில் தனியாக நடந்தார். பெரிய தேவாலயத்தின் படிகளில் கதாபாத்திரத்தை நிறுத்திவிட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வரைந்தார்.

இரவாடி

படத்தைப் போட முடியுமா?

மழைக்குருவி

கேட்டேன். முடியட்டும் என்கிறார். ஒரு சிலையை மறைத்துக்கொண்டு நிற்கும் ராட்சதனை மட்டும் நான் தவறவிட்டிருந்தேனாம். இன்றிரவு அவனைத் தானே பார்த்துக்கொள்கிறாராம்.