மாணவர் வலைப்பூக்களின் ஓடை திரட்டியில் வரவில்லை

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் என்னிடம் பயிலும் முதுகலைத் தமிழ் மாணவர்கள் 24 பேர், தாமிரபரணிப் படித்துறைகள் பற்றிய களக்குறிப்புகளைத் தத்தம் பிளாகர் வலைப்பூவில் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரமில்லாததால், களப்பணிக் குறிச்சொல்லுக்குரிய (label) செய்தியோடைகளை (புதிய இடுகைகளைத் தானே கொண்டுவரும் feed) மட்டும் கைப்பேசித் திரட்டியில் (ஓடைகளை ஒரே இடத்தில் படிக்க உதவும் செயலி) சேர்த்திருக்கிறேன்.

பணி தொடங்கி இரண்டு வாரமாகியும் 9 பேருடைய இடுகைகளில் ஒன்றுகூட வரவில்லை. அவர்களின் வலைப்பூக்கள் பொதுப் பார்வைக்குத் திறந்தவையே (தனிப்பட்டதாக வைத்தால் ஓடை கிடைக்காது என்பதை முதல் நாளே பட்டறிந்தோம்). ஓடை அமைப்பை ‘முழுமை’ என மாற்றினோம். சந்தாவை நீக்கி மீண்டும் சேர்த்தோம். உலாவியில் அதே முகவரி ஒழுங்காகத் திறக்கிறது. அந்த 9 பேர் மட்டும் குறிச்சொல்லைத் தமிழெழுத்தில் இட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் ஆங்கில எழுத்தில். தமிழ் மாணவர்களிடம் அதை மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

குறிச்சொல் தமிழிலேயே இருக்க, இந்த ஓடைகளைத் திரட்டியில் பெற முகவரியை எப்படி எழுத வேண்டும்?