சீர்காழி நிலமும் மூன்று மாவட்டங்களும்

கோவை அண்ணன்: மாமா, வணக்கம். தாத்தாவின் மூலப்பத்திரத்தில் தஞ்சாவூர் ஜில்லா, சீர்காழி தாலுகா என்று இருக்கிறது. அப்பாவின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றும், இணையத்தில் எடுத்த பட்டாவில் மயிலாடுதுறை என்றும் இருக்கிறது. பத்திரங்களைத் திருத்த வேண்டுமா?

சீர்காழி மாமா: தேவையில்லை, மாப்பிள்ளை. 1991இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது. அதிலிருந்து 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை பிரிந்து, மாநிலத்தின் 38ஆவது மாவட்டமானது. மாவட்டம் பிரிந்ததால் புல எண், அதாவது நிலத்தின் சர்வே எண், மாறுவதில்லை. ஆனால் தாத்தா பத்திரத்தில் இருப்பது பழைய புல எண்ணாக இருக்கலாம். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்களை மாற்றியிருந்தால், புதிய எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்.

கோவை அண்ணன்: நான்கு வட்டங்களுக்காகத் தனி மாவட்டம் அவசியமா, மாமா?

சீர்காழி மாமா: மிகவும் அவசியம். 1997இல் திருவாரூரைத் தனியாகப் பிரித்த பிறகு, நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலும் இருந்ததால், நாகப்பட்டினம் மாவட்டம் நிலத்தொடர்பே இல்லாத இரண்டு துண்டுகளாகக் கிடந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுப்பதற்குக்கூட, சீர்காழிக்காரர் நண்டலாற்றில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து, காரைக்காலைக் கடந்து, வாஞ்சூரில் மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்து நாகப்பட்டினம் போக வேண்டும். இல்லையென்றால் திருவாரூர் மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். புயல், வெள்ளக் காலத்தில் ஆட்சியரின் அலுவலகம் அவ்வளவு தொலைவில் இருப்பது சரியே அல்ல.

குத்தாலம் சித்தி: உண்மைதான். ஆனால் நாடாளுமன்றத் தொகுதி வேறு கணக்கு. நம் மயிலாடுதுறைத் தொகுதியில்தான் தஞ்சாவூர் மாவட்டத்துக் கும்பகோணமும் பாபநாசமும் திருவிடைமருதூரும் இருக்கின்றன.

சீர்காழி மாமா: ஆமாம். பத்திரப்பதிவுத் துறையின் எல்லைகளும் வருவாய்த் துறையின் எல்லைகளும் ஒன்றல்ல. கும்பகோணம் வருவாய் மாவட்டம் இல்லை, ஆனால் பதிவு மாவட்டம். ஆகவே வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது மாவட்டத்தின் பெயரை மட்டும் நம்பாமல், நம் கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உட்பட்டது என்று பார்த்துக்கொள், மாப்பிள்ளை. பட்டா மாறுதல் என்றால் வரிசை வேறு: கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேல் குறுவட்டத்தின் வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர். அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகமும் சீர்காழியிலேயே இருக்கிறது.

கோவை அண்ணன்: நன்றி, மாமா. இரண்டு பத்திரங்களையும் படமெடுத்து இன்றிரவே அனுப்புகிறேன்; புல எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.