காப்புக்களைவு: புதுத் துவக்கின் முதல் துடைப்புக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். புதுத் துவக்கை (துப்பாக்கியை) முதல்முறை சுடுமுன் துடைக்கிற வேலைக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டு இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் இரண்டு தரம் வாசித்தேன். சிக்கல் தொடங்கியது நான் மொழிபெயர்க்கும் கைநூலில்தான். ஆகவே எங்கே முட்டியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வாங்குபவர்களுக்கான சிறு கைநூல் அது. புதுத் துவக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் இப்படி எழுதியிருந்தேன்: "குழலில் உள்ள எண்ணெயை முற்றாகத் துடைத்து அகற்றுக. பின்னர் எண்ணெய் பூசுக." கிளிநொச்சியில் தோட்டம் செய்கிற என் மைத்துனரிடம் வாசிக்கக் கொடுத்தேன். "இருக்கிற எண்ணெயைத் துடைச்சுப்போட்டுப் பிறகும் ஏன் எண்ணெய் பூசுவான்? அதை அப்பிடியே விட்டால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிழை என் வசனத்தில்தான்.

அவை இரண்டு வேறு பொருள்கள். தொழிற்சாலையில் பூசி அனுப்புவது கப்பலிலும் களஞ்சியத்திலும் மாதக்கணக்கில் கிடக்கும்போது துருப்பிடிக்காமல் இருக்க. தடிப்பானது. நாட்பட்டால் பிசின் மாதிரி இறுகும். தூசி, பொதி சுற்றிய கடதாசியின் நார், சிலவேளை கடைசல் இரும்புத்தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அது குழலுக்குள் திரளாக இருக்கும்போது சுட்டால் உள்ளே அழுத்தம் கூடும், குழல் வீங்கவும் கூடும். தோட்டா இருக்கிற அறையில் இருந்தால் இன்னொரு கேடு. சுடும்போது தோட்டாவின் கோது விரிந்து அறைச் சுவரைப் பற்றிக்கொள்ளும். சுவர் வழுக்கினால் அந்தப் பிடி இல்லை; அடி முழுவதும் பின்பக்கத்து இரும்பில் விழும். தோட்டாவின் அடியைத் தட்டுகிற ஊசி ஓடும் துளைக்குள் இறுகிய கிறீஸ் இருந்தால் வெடி பிடிக்காமலே போகலாம். பின்னர் பூசச் சொல்வதோ மெல்லிய எண்ணெய். குழல் மடிகிற கீலிலும் மற்ற அசைகிற இடங்களிலும் ஒரு துளி, வெளி இரும்பில் ஒரு மெல்லிய துடைப்பு. அவ்வளவுதான்.

இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் வாசிப்பவர் ஒன்றை விட்டுவிடுவார்.

இரண்டாவதுக்கு நாம் சொல் தேட வேண்டியதில்லை. மசகு இருக்கிறது. மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. முதலாவதுக்குக் கோவை ஐயா தந்த "துருத்தடுப்புப் பசை" பொருளில் சரி. ஆனால் பசை என்றால் எங்கள் பக்கத்தில் ஒட்டுகிற பசைதான் நினைவுக்கு வரும், ஒட்டவேண்டிய சாமான் என்று ஆகிவிடும். அதை எடுக்கும் வேலைக்கு இழையில் வந்த "முதற்சுத்திகரிப்பு" என்பதிலும் எனக்கு ஒரு தயக்கம். சுட்ட பிறகு துடைப்பது வெடிமருந்துக் கரியையும் ஈயத்தையும் எடுக்க. இது வேறு அழுக்கு, வேறு வேலை. முதல் என்ற ஒட்டு அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை.

நான் முன்வைப்பது: பூச்சுக்கு காப்பு, அதை எடுக்கும் வேலைக்கு காப்புக்களைவு.

கும்பாபிஷேகத்துக்கு முன் எண்ணெய்க்காப்புச் சாத்த வரிசையில் நின்ற எவருக்கும் காப்பு என்றால் மேலே பூசுவது என்று சொல்லாமலே விளங்கும். கோயிற் சொல்லைத் துவக்குக்குக் கொண்டுவரலாமா என்று அக்கா கேட்டிருந்தார். காப்பு கோயிலோடு நிற்கிற சொல் அல்ல, அக்கா. பிள்ளையின் கையில் போடுவதும் காப்பு, பாட்டின் தொடக்கத்தில் வருவதும் காப்பு, இங்கே இன்சூரன்சுக்குக் காப்புறுதி என்கிறோம். களைதல் தோட்டக்காரரின் கையிலேயே இருக்கிற சொல். புழக்கத்தில் உள்ள இரண்டைச் சேர்த்துப் புதியது ஆக்குவது யாழ்ப்பாணத்துக்குப் பழக்கமான வழிதான். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீன் சத்திரசிகிச்சைக்கு எழுதிய இரணவைத்தியம் என்ற சொல்லும் அப்படி இரண்டு சேர்ந்ததுதான்.

இந்த வேலையை நான் சிறுவயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரியப்பா இரட்டைக்குழல் ஒன்று வாங்கி வந்த அன்று. விறாந்தையில் சாக்கு விரித்தார். கடையிலிருந்து அப்போதுதான் வந்தது என்றாலும் முதலில் குழலை மடித்து இரண்டு அறைக்குள்ளும் சின்னவிரலை விட்டு வெறுமை என்று பார்த்தார். குழலைக் கழற்றினார். பழைய வேட்டியைக் கிழித்த சீலைத்துண்டு, கிண்ணத்தில் மண்ணெண்ணெய், கமுகஞ் சலாகை. தோட்டா போடும் பக்கத்தால் விட்டு வாய்ப்பக்கத்தால் எடுத்தார். முதல் சீலை பனங்கட்டிப் பாகு நிறத்தில் வந்தது. ஒவ்வொன்றாக வெளியே வைத்து எண்ணச் சொன்னார். போனது ஏழு என்றால் வந்ததும் ஏழாக இருக்க வேண்டும், உள்ளே ஒன்று தங்கினால் குழல் வெடிக்கும் என்றார். மண்ணெண்ணெய் பலகைப் பிடியில் படவே விடவில்லை. கடைசியில் காய்ந்த சீலையால் துடைத்து, குழலை யன்னலுக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்க விட்டார். வெளிச்சம் வளையம் வளையமாக நின்றது. அந்த வேலைக்கு அவரிடம் பெயர் இருக்கவில்லை. "கிறீஸ் எடுக்கிறன்" என்றுதான் சொன்னார்.

வவுனியாத் தம்பி, இந்த மண்ணில் துவக்குக்குச் சொல் ஆக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் எழுதியதை நான் தள்ளிவிடவில்லை. துவக்கு என்ற சொல்லுக்கே நெஞ்சு திடுக்கிடுகிறவர்கள் என் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கைநூல் யாரையும் துவக்கு வாங்கச் சொல்லவில்லை. வாங்கியவரின் கண்ணும் கையும் என் வசனத்தை நம்பி இருக்கின்றன.

அதே காரணத்தால்தான் குழலின் துளை அளவைச் சொல்லும் "12 போர்" (12 bore) என்ற ஒலிபெயர்ப்பும் எனக்கு உவப்பில்லை. தமிழில் போர் என்றால் யுத்தம், இல்லாவிட்டால் வைக்கோற்போர். யானைக்குப் புழைக்கை என்று பெயர் வைத்த மொழியில் குழலின் உட்துளைக்குப் புழை என்று சொல்லலாம். ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 சம உருண்டை செய்தால் ஒரு உருண்டையின் விட்டம்தான் 12 புழை, ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இலக்கம் கூடக் கூடத் துளை சிறுக்கும் என்பதும் அப்போது தானாக விளங்கும். இதைத் தனி இழையில் பேசுவோம்.

திருத்திய வசனம் இது: "சுடுவதற்கு முன் காப்புக்களைவு செய்க. குழலிலும் அறையிலும் காப்புச் சிறிதும் இருக்கலாகாது. பின்னர் அசையும் இடங்களில் ஒரு துளி மசகு இடுக; வெளி இரும்பில் மசகை மெல்லியதாகத் துடைத்துவிடுக." மைத்துனர் வாசித்துவிட்டு, "மசகு எந்தெந்த இடத்தில எண்டு படம் போடுங்கோ" என்று மட்டும் கேட்டார். படம் போடுகிறேன்.

சலாகைக்குப் பதிலாக இப்போது வருகிற பித்தளைக் கோலுக்குத் துடைகோல் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் வேறு சொல் புழங்கினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
நல்லூரிலிருந்து